வாசலுக்கே திரும்பும் பல்லவி: நந்தன் கீர்த்தனையின் மோனை, இயைபு, மீள்கூறல்

1

கவிதையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நாம் முதலில் கேட்பது, 'இது யார் பக்கம் நின்று பேசுகிறது?' என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்காத ரசனை விமர்சனம் நம்மை எத்தனை காலம் ஏய்த்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் பதிலை எங்கே தேடுகிறோம்? சொற்களின் பொருளில் மட்டும் தேடுகிறோம். ஓசையைத் தொடுவதே இல்லை. எதுகை, மோனை, இயைபு என்றாலே அது புலவர் சமாச்சாரம், பள்ளிக்கூடத்தில் அசை பிரிக்கச் சொல்லிக் காதைத் திருகிய சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். யாப்பை உடைத்துவிட்டுத்தானே புதுக்கவிதைக்கு வந்தோம், இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு என்று கேட்கிற தோழர்களும் உண்டு.

யாப்பை உடைத்தோம், சரி. அது நம் காதுக்குள் என்ன செய்துவைத்திருக்கிறது என்று பார்த்தோமா? ஒரு பாட்டின் பொருள் புரிவதற்கு முன்பே அதன் தாளம் உடம்பில் ஏறிவிடுகிறது. பொருளோடு வாதாடலாம், மறுக்கலாம். தலை ஆடிவிட்டதை எப்படி மறுப்பது? நம்மை இழிவுசெய்கிற பாட்டுக்கு நாமே தாளம் போட்ட சந்தர்ப்பம் நம்மில் ஒவ்வொருத்தருக்கும் இருக்கும்.

இதைப் பேசுவதற்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எடுத்துக்கொள்கிறேன். 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. கதாகாலட்சேபமாக, நாடகமாக, கச்சேரிப் பாட்டாக ஊர் ஊராகப் போனது. சினிமாவில் 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக வேடம் கட்டினார். 1942இல் தண்டபாணி தேசிகர் கட்டினார். ஒரு பறையனின் குரல் என்று சொல்லி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மற்றவர்கள் பாடியும் கேட்டும் வருகிற குரல் இது.

இதன் கதையை நம்மவர்கள் பலமுறை விசாரித்தாயிற்று. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாக மீட்டுச் சொன்னார். தீயில் இறங்கினானா, இறக்கப்பட்டானா என்று மேடைக்கு மேடை கேட்டாயிற்று. நான் இங்கே கேட்க வருவது, அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து ஒலிக்கிறது? எது திரும்பத் திரும்ப வருகிறது? நந்தனை வாசலில் நிறுத்திவைத்ததில் பல்லவிக்கும் பங்கு உண்டா?

2

ஓசைக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பாட்டியல் நூல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெண்பாப் பாட்டியல், பன்னிரு பாட்டியல் மாதிரியான நூல்கள் பாக்களுக்கே வருணம் பிரித்துவைத்தன. வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா வேளாளருக்கு. எழுத்துகளையும் இப்படியே பங்கு போட்டார்கள். கலம்பகம் பாடினால் யாருக்கு எத்தனை பாட்டு என்று கணக்கு உண்டு: தேவருக்கு 100, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. படி இறங்க இறங்கப் பாட்டு குறைகிறது. முப்பதுக்குக் கீழே கணக்கு இல்லை. நமக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது; அந்த ஏணியில் நமக்குக் கால் வைக்கவே இடமில்லை.

பா இல்லாதவர்களிடம் பாட்டு இல்லாமலா போயிற்று? ஏற்றம் இறைக்க ஒரு பாட்டு, நடவுக்கு ஒரு பாட்டு, தாலாட்ட ஒன்று, மாரடிக்க ஒன்று. வேலையின் மூச்சு எவ்வளவோ அவ்வளவே அடியின் நீளம். இந்த ஓசைகளுக்கு நெருங்கிய உறவுக்காரன்தான் சிந்து. ஏட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொண்ட விதத்தைப் பள்ளுப் பிரபந்தங்களில் பார்க்கலாம். முக்கூடற் பள்ளில் விருத்தமும் சிந்தும் கலந்து வருகின்றன. பள்ளனும் பள்ளியரும் தங்கள் தாளத்தில் ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பண்ணைக்காரனிடம் ஏச்சு வாங்குகிறார்கள். தாளம் உழைக்கிற சனத்தினுடையது, சிரிப்பு கேட்கிறவர்களுடையது.

கோபாலகிருஷ்ண பாரதி இந்தச் சிந்தை, நொண்டிச் சிந்தை, கண்ணியை எல்லாம் எடுத்துக் கீர்த்தனையோடு கோத்தார். பேச்சுத்தமிழைத் தயங்காமல் உள்ளே விட்டார். அந்தக் காலத்தில் அது சின்ன காரியம் இல்லை. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் போனபோது, இலக்கணப் பிழை மலிந்திருக்கிறதே என்று பிள்ளை தயங்கிய கதையை உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். பாரதி திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து அவர் பாடியதைக் கேட்டுப் பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தாராம்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்குச் சொல்லுக்கும் ஒரு தீட்டு இருந்திருக்கிறது. அதைச் சுமந்து போனவரும் வாசலில் காத்திருந்திருக்கிறார். ஆனால் அவர் காத்திருந்தது திண்ணையில். நந்தனுக்குத் திண்ணை ஏது? பாரதிக்கு அந்தக் கதவு ஒருநாள் திறந்தது. அவர் எழுதிய நந்தனுக்குத் திறக்கிறதா என்பதைப் பாட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

3

நந்தன் கீர்த்தனைகளில் அதிகம் பாடப்படுகிறவற்றில் ஒன்று, இறைவனின் அருகே வர அனுமதி கேட்கும் மாஞ்சி ராகப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் அடிகளை இங்கே எடுத்து எழுதவில்லை. கட்டுமானத்தை மட்டும் பார்க்கலாம்.

பல்லவியின் முதல் சொல்லே வினா. தெருவில் நாம் 'வரலாமா' என்று கேட்பதன் ஏட்டு வடிவம். இந்தச் சொல்லுக்குள் இரண்டு துண்டு இருக்கிறது. 'லாம்' என்பது இசைவைக் குறிப்பது; கடைசியில் ஒட்டியிருக்கும் ஓகாரம் அந்த இசைவைக் கேள்வியாக்குகிறது. அனுமதியும் அனுமதி மறுப்பும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அடுத்தாற்போல் ஆண்டையைக் கூப்பிடுவதுபோல ஒரு விளி.

அனுபல்லவியில் இரண்டு அடி. ஒன்று இறைவனின் கருணையை வினாவாக எழுப்புகிறது. அடுத்தது, பாடுகிறவன் தன் சாதிப்பெயரைத் தானே சொல்லிக்கொண்டு, தன் உபசாரத்தைச் சொல்லட்டுமா என்கிறது. இரண்டும் ஒரே ஓகார ஓசையில் முடிகின்றன. இதுதான் இயைபு, அடியின் கடைசி ஒன்றி வருவது. இயைபு என்ன செய்யும்? தூரத்தில் கிடக்கும் இரண்டைச் சோடி சேர்க்கும். இங்கே அவனுடைய கருணையும் இவனுடைய சாதியும் சோடி சேர்கின்றன. ஒன்று இருப்பதால்தான் இன்னொன்று என்பதுபோல் காதில் விழுகிறது. இவன் தாழ்ந்தவனாக இருந்தால்தான் அவன் கருணைக்கு வேலை.

சரணம்தான் முக்கியம். அதன் அடிகள் வரிசையாகத் தன்மை ஒருமை இறந்தகால வினையில் முடிகின்றன. புலையனாகப் பிறந்தது ஒன்று. புண்ணியம் செய்யாமல் இருந்தது ஒன்று. சன்னிதிக்கு வந்தது ஒன்று. பிறவிக்கடலைக் கடந்தது ஒன்று. கரை கடந்தது, சரணடைந்தது என்று போகிறது. எல்லா வினையும் 'ஏன்' விகுதியில் முடிந்து, மேலே ஓர் ஏகாரம் ஏறி இழுபடுகிறது. பிறந்ததும் புண்ணியம் செய்யாததும் ஒரே ஓசையில் அடுத்தடுத்து விழுகின்றன. இலக்கணப்படி பார்த்தால் ஒருவன் பிறப்பது அவன் செய்கிற செயலே இல்லை, அவனுக்கு நேர்வது. புண்ணியம் செய்யாமல் இருப்பது அவன் பொறுப்பு. இந்த இரண்டையும் ஒரே விகுதியால் கட்டி, ஒரே ஏகாரத்தால் இழுத்துப் பாடும்போது பிறப்பு குற்றமாகிறது, குற்றம் பிறப்பாகிறது. கர்ம சித்தாந்தத்தை விளக்கப் பெரிய சாத்திரம் எழுத வேண்டியிருக்கும். இங்கே இரண்டு வினைமுற்றின் வால் அதைச் செய்துமுடிக்கிறது. கேட்கிறவன் வாதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, ஓசையை ஏற்றுக்கொள்கிறான். ஓசையோடு வாதமும் உள்ளே போய்விடுகிறது. சரணத்தின் கடைசியில் 'பரிதாபம்', 'பாபம்' என்று இரண்டு சொற்கள் உரசிக்கொண்டு நிற்பதையும் கவனிக்க வேண்டும். இவன் தவிப்பும் இவன் பாவமும் ஒன்றின் எதிரொலியாக மற்றொன்று கேட்கிறது.

இனி மீள்கூறல். சரணம் சொல்வதை நம்பினால், இவன் கடலைக் கடந்துவிட்டான், கரை ஏறிவிட்டான், சரணும் அடைந்துவிட்டான். இதுக்கு மேல் என்ன பாக்கி? ஆனால் கீர்த்தனையின் விதிப்படி சரணம் முடிந்தால் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பல்லவி என்ன? வரலாமா என்ற கேள்வி. கடலைத் தாண்டியவன் மறுபடி வாசலில் நின்று அனுமதி கேட்கிறான். சரணம் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறது. பல்லவி இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்துகிறது. மேடையில் பாடுகிறவர்கள் அந்தப் பல்லவியைச் சங்கதி சங்கதியாக மாற்றி மாற்றிப் பாடுவார்கள். ஒவ்வொரு சங்கதிக்கும் சபை 'ஆகா' என்கிறது. ஒவ்வொரு சங்கதியும் நந்தன் இன்னொரு முறை கெஞ்சுவது. எத்தனை நயமாகக் கெஞ்சுகிறானோ அத்தனை ரசனை. பாட்டு முடியும்போதும் பல்லவியில்தான் முடிகிறது. உள்ளே போனான் என்று கதை சொல்லலாம், பாட்டு சொல்லாது. பாட்டைப் பொறுத்தவரை அவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

இதை வடிவத்தின் விதி என்று சொல்லித் தள்ளிவிடலாம். கீர்த்தனை என்றால் பல்லவி திரும்பத்தான் செய்யும். எல்லாப் பல்லவிக்கும் அது பொருந்தும். ஆனால் திரும்பி வருகிற இடத்தில் எதை வைக்கிறோம் என்பது விதி இல்லை, தேர்வு.

4

இன்னும் இரண்டு பாட்டைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தேர்வு தெளிவாகும்.

சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனை ஆண்டையான வேதியர் ஏசும் பாட்டு ஒன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த ஆண்டை கிடையாது. ஒரே ராத்திரியில் நாற்பது வேலியையும் பயிராக்கி அறுவடை செய்தால் போகலாம் என்ற நிபந்தனையும் கிடையாது. பாரதிதான் பண்ணையைக் கதைக்குள் கொண்டுவந்தார். அந்த வகையில் தஞ்சை மண்ணின் நிசம் அவர் நூலில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏசும் பாட்டின் ஓசையைக் கேளுங்கள். இவன் தின்னும் உணவைச் சொல்லும் சொல்லும், விழா நடக்கும் மாதத்தைச் சொல்லும் சொல்லும் ஒரே மகர நெடிலில் தொடங்குகின்றன. மோனை. உணவு ஒருபக்கம், புனிதம் ஒருபக்கம், நடுவில் இவன். எதிரெதிராக நிறுத்த வேண்டிய இரண்டை முதலெழுத்து ஒன்றாக்கிக் கோத்ததால் வசவு மந்திரம்போல் மனப்பாடமாகிவிடுகிறது. வசவுக்கு மோனை தேவைப்படுவதே இதற்குத்தான். மோனை இல்லாத ஏச்சு அடுத்த நாள் மறந்துபோகும்.

இன்னொன்று திருப்புன்கூரில் நந்தி மறைக்கும் பாட்டு. பல்லவியே பேச்சுத்தமிழ். மலைபோல ஒரு மாடு வழியில் படுத்திருக்கிறது என்ற முறையீடு. ஆனால் முறையீடு எதுவரை போகிறது? கோயிலுக்குள் வரமாட்டேன், தேரடியில் நின்று பார்த்தால் போதும், ஓர் அடி விலகினால் போதும். உரிமையைத் தானே குறைத்துக்கொண்டு போகிற பேரம் இது. மறைத்தது மனுசன் என்பது மறைந்து, கல்மாடு மட்டும் குற்றவாளியாகிறது. பேச்சுமொழியின் உயிர்த்துடிப்பு இந்தப் பாட்டில் இருப்பதுபோல் மற்றதில் இல்லை. நம் வாய்ச்சொல்லைத் துல்லியமாக எடுத்திருக்கிறார். எடுத்த சொல்லுக்குள் நம் கோபத்தை மட்டும் வைக்கவில்லை.

தாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேக்கிழாரின் நாளைப்போவார் என்ன தொழில் செய்தார்? கோயில்களின் முழவுக்கும் பேரிகைக்கும் தோலும் வாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். உள்ளே ஒலிக்கிற தாளம் அவர் கையிலிருந்து போனது. அவர் மட்டும் வெளியே. இது புராணத்தோடு முடியவில்லை. டி.எம்.கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். சபாவில் நந்தன் பாட்டு நடக்கிறது என்றால், மாடு தின்பவனை விலக்கிவைக்கிற அந்தப் பாட்டுக்கு மாட்டுத்தோல்தான் தாளம் போடுகிறது. தோலுக்குத் தீட்டு இல்லை, தோலை உரித்தவனுக்குத்தான் தீட்டு. மாத்திரை எண்ணுகிறவர்கள் அந்த மாத்திரை எதன்மேல் விழுகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

5

'நந்தன் பாட்டைக் கேட்டு எத்தனை மேல்சாதிக்காரர்கள் அழுதிருக்கிறார்கள் தெரியுமா? மனம் மாறியிருக்கிறார்கள். அதை இப்படி அறுத்துக் கூறுபோடலாமா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழுதது உண்மைதான். பாரதிக்கு நந்தன்மேல் இருந்த இரக்கமும் பொய்யில்லை. என் கேள்வி, அந்த அழுகையை எது உண்டாக்குகிறது என்பது. பல்லவி திரும்புகிற ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிறது. அப்படியானால் கண் கலங்குவதற்குப் பல்லவி திரும்பியாக வேண்டும். நந்தன் உள்ளே போய்விட்டால் பாட்டு நின்றுவிடும். அவன் வாசலில் நிற்பது இவர்களுடைய பக்திக்குத் தேவைப்படுகிறது. இரக்கத்தின் தாளமே அவனை நிறுத்திவைத்துத்தான் நடக்கிறது.

சேக்கிழார் விருத்தத்தில் இந்தத் திரும்புதல் இல்லை. விருத்தம் நான்கு அடி ஒரே எதுகையில் ஓடி முடியும். அடுத்தது வேறு எதுகை. கதை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அங்கே நந்தன் தீயில் இறங்கி, முனிவனாகி எழுந்து, உள்ளே போய், மறைந்துவிடுகிறான். ஒன்றில் உள்ளே போனவன் இல்லாமல் போகிறான். இன்னொன்றில் இருக்கிறவன் உள்ளே போவதில்லை. இரண்டு யாப்புக்கு நடுவில் நமக்கு உயிரோடு உள்ளே இருக்க இடமில்லை. இதைச் சொல்லும்போது, அதே காவிரிக் கழனிச் சீமையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவர்கள் கேட்டது கூலி. கெஞ்சவில்லை, சங்கம் சேர்ந்து கேட்டார்கள்.

நந்தனின் பேரே ஒரு மீள்கூறல் என்பதையும் பார்க்க வேண்டும். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று தினமும் சொன்னதால் திருநாளைப்போவார். ஒருவனின் தள்ளிப்போடப்பட்ட ஆசையை எடுத்து அவன் பேராக்கி, முன்னால் ஒரு 'திரு'வும் போட்டார்கள். நாளை என்ற சொல் நமக்குப் புதுசா? நிலத்துக்கு நாளை, கூலிக்கு நாளை, வழக்குக்கு நாளை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே பேரை எடுத்து, நாளைக்குப் பதில் இன்றைக்கு ஒரு கதவைத் திறந்தார். பேரை மாற்றவில்லை, பேர் திரும்பி வருகிற இடத்தை மாற்றினார். யாப்பில் செய்ய வேண்டியதும் இதுதான்.

6

மீள்கூறலுக்கு வேறு வழி உண்டா என்றால், அது நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒப்பாரி.

ஒப்பாரியில் ஒரு சட்டகம் இருக்கும். இரண்டு அடி சேர்ந்து ஒரு கட்டு. அடுத்த கட்டில் அதே சட்டகம் வரும், ஒரு சொல் மட்டும் மாறும். பொன் இருந்த இடத்தில் முத்து வரும், முத்து இருந்த இடத்தில் பவளம் வரும். தட்டு, கிண்ணி, கட்டில், வாசல் என்று வீடு முழுக்க நடந்து வரும். இது பல்லவி மாதிரி பழைய இடத்துக்கு இழுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடுகிறது. இழந்தது எவ்வளவு என்று கணக்குக் கூட்டுகிற மீள்கூறல் இது. வினைகளைக் கவனியுங்கள். கீர்த்தனையில் எல்லாம் தன்மை: பிறந்தேன், இருந்தேன். ஒப்பாரியில் வினைகள் பெரும்பாலும் முன்னிலைக்குத் திரும்பும்: போனியே, விட்டுட்டியே. இழுபடும் ஏகாரம் இரண்டிலும் ஒன்றுதான். அங்கே அது தன்னைக் குற்றம் சாட்டுகிறது. இங்கே எதிரில் இருப்பவரை, விட்டுப்போனவரை, சாகக் கொடுத்த ஊரைக் கேள்வி கேட்கிறது.

எங்கள் பக்கத்தில் ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் சேரிப் பொம்பளைகள் போய் மாரடித்து அழுதாக வேண்டும். வேலையோடு வேலையாக அதுவும் ஒரு வேலை. என் ஆத்தா அப்படிப் போய் அழுதவள். 'அந்தக் கெழவனுக்கா அழுதே?' என்று ஒருதரம் கேட்டேன். 'அவனுக்கு ரெண்டு அடி அழுவேன். மூணாவது அடியில எம்புள்ள வந்துரும்' என்றாள். கூலி இல்லாத அழுகைக்குள் தன் செத்த பிள்ளையைக் கொண்டுவந்து வைக்க அவளுக்கு அந்தச் சட்டகம் இடம் கொடுத்தது. பேர் மாற்றினால் போதும், பாட்டு அவளுடையதாகிவிடும். கேட்டுக்கொண்டிருந்த ஆண்டை வீட்டாருக்கு ஓசை மாறாததால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் தோள் கோத்து அழுத பொம்பளைகளுக்குத் தெரியும்.

பல்லவியே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவிஞர் இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய 'மனுசங்கடா' பாட்டிலும் பல்லவிதான் திரும்பி வருகிறது. ஆனால் திரும்பி வரும் இடத்தில் நிற்பது கேள்வி இல்லை, கூற்று. நாங்கள் மனுசர்கள் என்ற அறிவிப்பு. கடைசியில் ஒரு 'டா'. காலங்காலமாக நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட விகுதி அது. பாட்டில் திசை திரும்பி விழுகிறது. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அந்த 'டா' மறுபடி விழுகிறது. நந்தன் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்பக் குரல் தாழ்கிறது. இதில் திரும்பத் திரும்பக் கூட்டம் எழுந்து நிற்கிறது. வடிவம் ஒன்றே. ஓகாரம் போய் டாகாரம் வந்தது.

7

நம்முடைய எழுத்துக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? நமது இதழ்களுக்கு வரும் கவிதைகளில், மேடைப் பாடல்களில் மீள்கூறல் நிறைய. நல்லதுதான், கூட்டத்துக்குப் பாடுகிறவனுக்கு அது வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் 'எப்போது', 'எத்தனை நாள்', 'இரங்க மாட்டாயா' என்ற கேள்விகளே திரும்பி வருகின்றன. யாரைப் பார்த்து இந்தக் கேள்வி? சட்டமன்றத்தையா, நீதிமன்றத்தையா, ஊரையா? சரணத்தில் கோபம் கொதிக்கும், வரலாறு வரும், அம்பேத்கர் வருவார். அடி முடிந்ததும் பல்லவி நம்மை வாசலில் கொண்டுபோய்க் கைகட்டி நிறுத்திவிடும். எழுதியவருக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் பொருளைத்தான் அவர் பார்த்தார். கீர்த்தனையின் வாசனை காது வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கவில்லை.

அதனால் இளம் தோழர்களுக்குச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருளை மறந்துவிட்டு மூன்று காரியங்களை மட்டும் பாருங்கள். எந்த இரண்டு சொல் ஒரே ஓசையில் முடிகின்றன, அந்தச் சோடி நமக்கு வேண்டிய சோடிதானா? உங்கள் வினைகள் தன்மையில் நிற்கின்றனவா, எதிராளியைப் பார்த்துத் திரும்புகின்றனவா? திரும்பி வருகிற அடி ஒவ்வொரு தடவையும் எதையாவது கூட்டிக்கொண்டு வருகிறதா, வெறுங்கையோடு பழைய இடத்துக்கு வருகிறதா? இதைப் பார்க்கத் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டாம். ஒப்பாரி கேட்ட காது போதும்.

தமிழில் 'அடி' என்றால் பாட்டின் வரி, பறையில் விழுகிற அடி, முதுகில் விழுகிற அடி, கோயிலில் சாமியின் அடி எல்லாம்தான். நந்தன் கீர்த்தனையில் இவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான்காவதற்காக மூன்றாவதைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது அந்தப் பாட்டு. நம் பறையாட்டக்காரர்களிடம் சாவு அடி, சப்பரத்து அடி, மருள் அடி என்று அடிகளுக்குத் தனித்தனிப் பேர் உண்டு. எந்த அடி எங்கே விழ வேண்டும் என்பதில் அவர்கள் கை தவறாது. எழுதுகிற நம் கைக்கும் அந்தக் கணக்கு வர வேண்டும்.